'அப்' என்ற சின்னச் சொல்லும் பெரிய குழப்பமும்

கேள்வி: அமெரிக்க, பிரிட்டிஷ் வாடிக்கையாளர்களோடு மின்னஞ்சலில் வேலை பார்க்கிறேன். ஆங்கில இலக்கணம் ஓரளவு தெரியும். ஆனால் 'அப்' என்ற சொல் வந்தாலே தடுமாறுகிறேன். அண்மையில் வந்த ஒரே மின்னஞ்சலில் நான்கு 'அப்'. கூட்டத்தை 'மூவ்டு அப்' செய்திருக்கிறோம், குறிப்புகளை 'ரைட் அப்' செய்யுங்கள், நான் 'டைடு அப்', மற்றது 'அப் டு யூ'. கூட்டம் தள்ளிப்போயிருக்கிறது என்று இருந்துவிட்டேன். அது முன்னதாகவே நடந்து முடிந்துவிட்டது. அகராதியைப் பார்த்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இத்தனையையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டாம். பட்டியலை மனப்பாடம் செய்பவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள், விடாமல் முடித்தவர்களும் எழுதும்போது தடுமாறுவார்கள். ஆனாலும் முதலில் அந்த மின்னஞ்சலை முடித்துவிடுவோம்.

'மூவ்டு அப்' என்றால் முன்கூட்டி வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமைக் கூட்டம் 'மூவ்டு அப் டு டியூஸ்டே' என்றால் இரண்டு நாள் முந்திவிட்டது. நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி மேலே ஏறினால் அது முன்னதாக வரும். அப்படி நினைத்துக்கொண்டால் மறக்காது. இது பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷார் இதே இடத்தில் 'ப்ராட் ஃபார்வர்டு' என்று எழுதுவார்கள். தள்ளிவைத்தால் 'புஷ்டு பேக்' அல்லது 'புட் பேக்'. உண்மையில் வம்பு பிடித்தது 'மூவ்டு ஃபார்வர்டு' என்ற தொடர்தான். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'மூவ்டு ஃபார்வர்டு' என்றால் அது திங்களா வெள்ளியா என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்களே இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஆகவே நாள் மாற்றம் பற்றி எது வந்தாலும், பதிலில் கிழமை, தேதி, நேரம் மூன்றையும் எழுதி 'கன்ஃபர்மிங்' என்று அனுப்பிவிடுங்கள். அதை யாரும் உங்கள் ஆங்கிலக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அக்கறை என்றுதான் எண்ணுவார்கள்.

'ரைட் டவுன்' என்றால் மறக்காமல் இருக்க குறித்து வைப்பது. 'ரைட் அப்' என்றால் குறித்ததை எல்லாம் ஒழுங்குபடுத்தி முழு அறிக்கையாக எழுதி முடிப்பது. கூட்டம் நடக்கும்போது செய்வது முன்னது, முடிந்த பிறகு செய்வது பின்னது. உங்களிடம் கேட்டது பின்னது. ஆறு துண்டு வரிகளை அப்படியே ஒட்டி அனுப்பினால் போதாது. 'டைடு அப்' என்றால் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார், இப்போது கிடைக்கமாட்டார்.

'அப் டு' மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 'இட்ஸ் அப் டு யூ' என்றால் முடிவு உங்கள் கையில். 'வாட் ஆர் யூ அப் டு?' என்றால் என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்ற கேள்வி. கேட்கும் தொனியைப் பொறுத்து என்ன வேலை பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்ற சந்தேகமும் அதில் வரும். 'நாட் அப் டு தி ஜாப்' என்றால் அந்த வேலைக்குத் தேறமாட்டார். எண்ணுக்கு முன்னால் வந்தால் உச்ச வரம்பு. 'அப் டு 10 பெர்சென்ட்' தள்ளுபடி என்றால் 10 சதவீதம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாக ஆகாது; 1 சதவீதம் தந்தாலும் அவர் சொன்ன சொல்லை மீறவில்லை. விலைப்புள்ளியில் இந்தச் சொல்லைப் பார்த்தால் குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 'அப் டு ஃப்ரைடே' என்று கெடு வந்தால் வெள்ளிக்கிழமையும் சேருமா என்ற சண்டை வரும். நீங்கள் எழுதும்போது 'அப் டு அண்ட் இன்க்ளூடிங் ஃப்ரைடே' என்று எழுதினால் சண்டைக்கு இடமில்லை.

இனி மனப்பாடக் கேள்விக்கு வருவோம். இந்தத் தொல்லை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1755-இல் வந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினைக்குப் பின்னால் ஒரு சிறுசொல் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றிவிடுவதுதான் அயலாருக்குப் பெருஞ்சிக்கல் என்று எழுதி வைத்துவிட்டார். ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. அதைப் பெரும்பாலான பயிற்சி வகுப்புகள் பயன்படுத்துவதே இல்லை. 'அப்' செய்யும் வேலைகளில் பெரும்பகுதியை நம் துணைவினைகள் தினமும் செய்துகொண்டிருக்கின்றன.

'சாப்பிட்டான்' என்பதற்கும் 'சாப்பிட்டுவிட்டான்' என்பதற்கும் என்ன வேறுபாடு? 'விடு' வந்ததும் செயல் முடிந்துபோய்விட்டது. 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும் வேறுபாடு ஏறத்தாழ அதுதான், தட்டு காலி. 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. 'ட்ரை அப்' என்றால் வற்றிப்போ. 'டேர் அப்' என்றால் கிழித்துப் போடு, 'டை அப்' என்றால் கட்டிப் போடு, 'லாக் அப்' என்றால் பூட்டி வை, 'சேவ் அப்' என்றால் சேர்த்து வை. விடு, போ, போடு, வை என்று தமிழில் இரண்டாவது வினை வரும் இடத்தில் ஆங்கிலம் ஒரே 'அப்'பை வைத்துச் சமாளிக்கிறது. ஆகவே புதிதாக ஒரு தொடரைப் பார்த்ததும் 'மேலே' என்று மொழிபெயர்க்கப் போகாதீர்கள். அந்த வினையோடு தமிழில் எந்தத் துணைவினை வந்து நிற்கும் என்று யோசியுங்கள். பல சமயம் பொருள் தானாக வந்துவிடும்.

இது அலங்காரமல்ல, கணக்கையே மாற்றும். 'வி யூஸ்டு தி பட்ஜெட்' என்று எழுதினால் ஒதுக்கிய தொகையைப் பயன்படுத்தினோம், மிச்சம் இருக்கலாம். 'வி யூஸ்டு அப் தி பட்ஜெட்' என்றால் ஒரு பைசா இல்லை. படிக்கிறவர் அடுத்து உங்களிடம் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

ஆனால் துணைவினையோடு உள்ள ஒப்புமையை எல்லா இடத்திலும் இழுத்துக்கொண்டு போக முடியாது. மூன்று இடங்களில் அது அறுந்துபோகும்.

தீர்ந்துபோகும் 'அப்'புக்கு எல்லை தெரிந்த ஒரு பொருள் வேண்டும். 'ட்ரிங்க் அப் தி மில்க்', 'ட்ரிங்க் அப் யுவர் மில்க்' இரண்டும் சரி. டம்ளரில் இருக்கும் அந்தப் பால். 'ஐ ட்ரிங்க் அப் மில்க் எவ்ரி டே' என்றால் காதுக்கு உறுத்தும், ஏனென்றால் பொதுவான பாலுக்கு முடிவே இல்லை. 'தி', 'மை', 'யுவர்', 'ஆல்' போன்ற ஒன்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, நம் 'விடு' எதிர்பாராமல் நடந்ததையும் சொல்லும்: விழுந்துவிட்டேன், உடைந்துவிட்டது. அந்த வேலைக்கு 'அப்' வராது. விழுந்தது 'ஃபெல் டவுன்', உடைந்தது வெறும் 'ப்ரோக்'. மூன்றாவதாக, நாம் எந்த வினையோடும் 'விடு' சேர்க்கலாம். ஆங்கிலத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. 'ரீட் அப்' என்றால் படித்து முடிப்பது என்று ஊகிக்கத் தோன்றும். தப்பு. 'ரீட் அப் ஆன்' என்றால் ஒரு விஷயத்தைப் பற்றித் தேடிப் படித்துத் தெரிந்துகொள்வது. படித்து முடிப்பது 'ஃபினிஷ் ரீடிங்'. பொதுவாக 'அப்' சேர்வது குட்டையான, அன்றாட வினைகளோடுதான். லத்தீன் வழி வந்த நீண்ட வினைகள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. 'ஃபினிஷ் அப்' உண்டு, 'கம்ப்ளீட் அப்' கிடையாது. 'எண்ட் அப்' உண்டு, 'டெர்மினேட் அப்' கிடையாது. 'டிவைட் அப்' மாதிரி சில விலக்குகள் உண்டு. அவற்றைக் காதில் விழுந்தபின் பயன்படுத்தினால் போதும், நாமாகப் புதிதாகச் செய்துபார்க்க வேண்டாம்.

முடிவுப் பொருளுக்கு அடுத்து மின்னஞ்சலில் அதிகம் வருவது, கண்ணுக்கோ கவனத்துக்கோ வரும் 'அப்'. மறைந்திருந்தது மேலே வருவதுபோல. 'சம்திங் கேம் அப்' என்றால் எதிர்பாராத வேலை வந்துவிட்டது, அதனால் வர முடியவில்லை. என்ன வேலை என்று கேட்காமல் விடுவது நாகரிகம். 'டர்ன் அப்', 'ஷோ அப்' என்றால் வந்து சேர்வது. 'ப்ரிங் அப்' என்றால் பேச்சை எடுப்பது. ஆனால் 'ப்ரிங் அப்'புக்குப் பின்னால் குழந்தை வந்தால் வளர்ப்பது. இங்கேதான் முக்கியமான துப்பு இருக்கிறது: பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பின்னால் வரும் பெயர்ச்சொல். 'பிக் அப்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்சல் என்றால் போய் எடுத்துவருவது. ஆள் என்றால் வண்டியில் ஏற்றிக்கொள்வது. மொழி என்றால் பாடமாகப் படிக்காமல் பேச்சோடு பேச்சாகக் கற்றுக்கொள்வது. சளி என்றால் தொற்றிக்கொள்வது. பின்னால் எதுவுமே இல்லாமல் 'சேல்ஸ் பிக்டு அப்' என்று நின்றால் விற்பனை சூடுபிடித்தது. 'மேக் அப்' இன்னும் பொல்லாதது. 'ஸ்டோரி' வந்தால் இட்டுக்கட்டுவது, 'மைண்ட்' வந்தால் முடிவெடுப்பது, 'ஃபார்' வந்தால் ஈடுகட்டுவது, 'வித்' வந்தால் சமாதானமாகப் போவது. வினையை மட்டும் எழுதி எதிரே ஒரு பொருள் எழுதும் குறிப்பேடு ஏன் பயன்படவில்லை என்பது இப்போது புரியும்.

திசை, அளவு சார்ந்தவை எளிது. விலை, ஒலி, வேகம் கூடினால் 'அப்': 'ஸ்பீக் அப்', 'டர்ன் அப்', 'ஸ்பீட் அப்'. யாரையாவது நெருங்கிப் போவதும் 'அப்'தான்: 'கேம் அப் டு மீ'. 'அப் தி ரோடு' என்று யாராவது வழி சொன்னால் மேட்டைத் தேடாதீர்கள், தெருவோடு போக வேண்டியதுதான். பிரிட்டிஷ் ரயில் பாதைகளில் லண்டனை நோக்கிப் போவது 'அப்'. வடக்கே மலைப்பகுதியிலிருந்து இறங்கி வந்தாலும் 'அப்'தான்.

பொருளைவிட அதிகம் பிழை நடப்பது சொல் நிற்கும் இடத்தில். இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 'ஹி ரேன் அப் எ ஹில்', 'ஹி ரேன் அப் எ பில்'. முதலாவதில் குன்றின்மேல் ஓடினார். இரண்டாவதில் செலவை ஏற்றிக் கடன் வைத்தார். பார்ப்பதற்கு ஒரே அமைப்பு. 'ஹில்', 'பில்' இரண்டுக்கும் பதிலாக 'இட்' போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். குன்றுக்கு 'ரேன் அப் இட்'. கடனுக்கு 'ரேன் இட் அப்'. முதலாவதில் 'அப்' குன்றோடு சேர்ந்தது, அதனால் பிரியாது. இரண்டாவதில் 'அப்' வினையோடு சேர்ந்தது, அதனால் 'இட்' நடுவில் புகுந்துகொள்கிறது.

இரண்டாவது வகைக்கு விதி கறாரானது. 'இட்', 'தெம்', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் வர வேண்டும்: 'பிக் இட் அப்'. 'பிக் அப் இட்' என்று எழுதினால் பிழை, பேச்சிலும் பிழை. பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடத்திலும் வரலாம்: 'பிக் தி பார்சல் அப்', 'பிக் அப் தி பார்சல்'. பெயர்த்தொடர் நீளமானால் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். 'நேற்று மாலை முன்பக்க அறையில் வைத்த பார்சல்' என்ற நீளத்துக்கு நடுவில் ஒன்றைச் செருகினால், 'அப்' வருவதற்குள் படிக்கிறவர் 'பிக்'கை மறந்திருப்பார். மூன்று சொல் சேர்ந்து வருபவை, அதாவது 'புட் அப் வித்', 'கம் அப் வித்', 'லிவ் அப் டு', 'கேட்ச் அப் வித்' போன்றவை பிரிவதே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் 'இட்' வரும்.

ஒன்றாக எழுதுவதா, இடைவெளி விடுவதா என்பது அடுத்த தொல்லை. 'பேக்கப்', 'செட்டப்', 'ஃபாலோ-அப்' என்று ஒட்டியோ சிறுகோடு போட்டோ எழுதினால் அது பெயர்ச்சொல். செய் என்று சொல்லும்போது இடைவெளி வேண்டும்: 'ப்ளீஸ் பேக் அப் தி ஃபைல்ஸ்'. சந்தேகம் வந்தால் இறந்தகாலமாக மாற்றிப் பாருங்கள். 'பேக்டு அப்' என்று வினையின் உடம்பில்தான் காலம் ஏறுகிறது. 'பேக்கப்டு' என்று யாரும் எழுதுவதில்லை. காலம் ஏற்ற முடிந்தால் இரண்டு சொல். பேச்சிலும் இந்த வேறுபாடு கேட்கும்: பெயராக வரும்போது அழுத்தம் 'பேக்' மீது, வினையாக வரும்போது 'அப்' மீதும் நன்றாக விழும். தொலைபேசியில் உங்கள் பேச்சு அயல்நாட்டாருக்குப் புரியாமல் போகும் இடங்களில் இதுவும் ஒன்று. நாம் இரண்டையும் ஒரே சமமாகச் சொல்லிவிடுகிறோம்.

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும் சில பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். 'அப் டு' எப்போதும் இரண்டு சொல், ஒட்டி எழுதவே கூடாது. 'கோப் அப் வித்' என்று ஒன்று கிடையாது. 'கோப் வித்' மட்டுமே. 'கேட்ச் அப் வித்' காதில் ஊறிப்போனதால் இதிலும் 'அப்' நுழைந்துவிட்டது போலிருக்கிறது. படிவத்தை 'ஃபில் அப்' செய்வதைவிட பிரிட்டிஷாருக்கு 'ஃபில் இன்', அமெரிக்கருக்கு 'ஃபில் அவுட்' என்று எழுதுங்கள்; 'ஃபில் அப்' அவர்களுக்கு பெட்ரோல் டாங்கியைத்தான் நினைவூட்டும். 'வேக் அப்' கண் விழிப்பது, 'கெட் அப்' படுக்கையை விட்டு எழுவது. காலை 6 மணிக்கு முன்னதைச் செய்துவிட்டு 7 மணிக்குப் பின்னதைச் செய்பவர்கள் உண்டு. 'ஹேங் அப்' என்றால் தொலைபேசியை வைப்பது. பழைய சுவர்த் தொலைபேசியில் காதில் வைத்துக் கேட்கும் கருவியைக் கொக்கியில் மாட்டி வைத்ததால் வந்த பெயர் அது. அதனால்தான் எடுப்பதற்கும் 'பிக் அப்', வைப்பதற்கும் 'ஹேங் அப்' என்று இரண்டிலும் 'அப்' இருக்கிறது. கூடவே 'ஆன்' சேர்த்து 'ஹங் அப் ஆன் மீ' என்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று வைத்துவிட்டார் என்ற புகார்.

'அப்'புக்கு எதிர் 'டவுன்' என்று நம்பிப் பொருள் ஊகிப்பதும் ஆபத்து. 'டிரஸ் அப்', 'டிரஸ் டவுன்' எதிர்ச்சொற்கள்தான். ஆனால் 'ஸ்லோ அப்', 'ஸ்லோ டவுன்' இரண்டும் வேகம் குறைவதே. 'பிரேக் அப்' உறவு முறிவது அல்லது துண்டாவது. 'பிரேக் டவுன்' இயந்திரம் நின்றுபோவது.

குறிப்பேட்டை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் உங்களுக்கு வந்த மின்னஞ்சல்களில் தேடல் பெட்டியில் 'அப்' என்று போட்டு, வந்த வாக்கியங்களை முழுதாகப் படியெடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று குறிப்பு: பின்னால் எந்தப் பெயர்ச்சொல் வந்தது, 'இட்' போட்டால் எங்கே நிற்கும், தமிழில் எந்தத் துணைவினை பொருந்தும். எதுவும் பொருந்தாவிட்டால் கோடு போட்டுவிட்டு நகருங்கள். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது என்பதை எந்தத் தர்க்கமும் உங்களுக்குக் காட்டித்தராது, அப்படியே பழகிக்கொள்ள வேண்டியதுதான். அகராதி வாங்குவதானால் மாணவர்க்கான அகராதியாக வாங்குங்கள். அவற்றில் பிரிந்து நிற்கும் தொடர்களுக்கு இருபக்க அம்புக்குறி போட்டோ, 'சம்திங்' என்பதை நடுவில் வைத்தோ காட்டியிருப்பார்கள். பெரிய அகராதிகள் அயலாருக்காக எழுதப்பட்டவை அல்ல, அங்கே இந்தத் தகவல் எளிதில் அகப்படாது.

நீங்கள் இரண்டு நாட்டாருக்கும் எழுதுவதால் இன்னும் இரண்டு தொடர்கள். 'வாஷ் அப்' என்றால் பிரிட்டிஷாருக்குப் பாத்திரம் கழுவுவது, அமெரிக்கருக்குக் கைமுகம் கழுவுவது. 'நாக் அப்' என்பது பிரிட்டிஷ் வழக்கில் கதவைத் தட்டி எழுப்புவதாக இருக்கலாம். அமெரிக்கக் காதில் அது ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்குவது என்றே விழும். காலையில் ஒருவரை எழுப்பச் சொல்ல 'வேக் அப்' என்றே எழுதுங்கள்.